பூனைக்குப் பாக்கெட் உணவு: பின்பக்கத்தைப் படியுங்கள்!

மூட்டுவலிக்கு மருந்து வாங்க வந்த ஓர் அம்மா, தயங்கியபடியே கேட்டார்: "வைத்தியரய்யா, எங்க வீடு சைவம். பிள்ளைங்க ஆசையா ஒரு பூனை வளர்க்குதுக. பால் சோறுதான் போடுறோம். ரொம்ப சோந்து கிடக்கு. கடையில விக்கிற பாக்கெட் வாங்கிப் போடலாமா?"

"தாராளமாப் போடலாம் தாயி. முதல்ல மாட்டாஸ்பத்திரியில ஒரு தடவை காட்டிருங்க. பாக்கெட் வாங்கும்போது முன்னாடி இருக்கிற படத்தைப் பாக்காதீங்க, பின்பக்கத்தைப் படிங்க" என்றேன்.

பூனை இறைச்சி தின்னப் பிறந்த பிராணி. அதன் கண்ணுக்கும் இதயத்துக்கும் 'டாரின்' என்ற சத்து அவசியம். நம் உடம்பு இதைத் தானே தயாரித்துக்கொள்ளும். பூனையின் உடம்பால் போதிய அளவு தயாரிக்க முடியாது. இறைச்சியிலும் மீனிலும்தான் இது கிடைக்கும், சோற்றில் கிடையாது. குறைந்தால் பார்வை போகும், இதயத் தசை தளர்ந்துவிடும்.

பாக்கெட் உணவு என்றாலே சரியானது என்றும் நினைக்காதீர்கள். 1987-ல் அமெரிக்காவின் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பால் பியோன் என்ற கால்நடை மருத்துவரும் அவர் குழுவினரும், இதய நோய் கண்ட பூனைகளின் ரத்தத்தில் டாரின் குறைந்திருப்பதைக் கண்டறிந்தனர். அவையோ கம்பெனி உணவு தின்ற பூனைகள்! டாரின் கொடுத்ததும் இதயம் தேறியது. அதன்பிறகே கம்பெனிகள் அதன் அளவைக் கூட்டின.

என்ன பார்த்து வாங்குவது?

* 'கம்ப்ளீட்' என்ற சொல் இருக்க வேண்டும். 'காம்ப்ளிமென்டரி', 'ட்ரீட்' என்றிருந்தால் அது நொறுக்குத்தீனிதான், வயிற்றுப்பாட்டுக்கு ஆகாது.
* சேர்மானப் பட்டியலில் டாரின் இருக்கிறதா?
* பட்டியலில் எடை அதிகமுள்ள பொருளே முதலில் வரும். அது கோழியாகவோ மீனாகவோ இருந்தால் நல்லது.
* உலர் உணவில் புரதம் 30 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். ஈர உணவில் 10 என்று போட்டிருந்தால் பயம் வேண்டாம். அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான்.
* குட்டிக்குக் குட்டி உணவு. நாய் உணவு பூனைக்குக் கூடவே கூடாது.
* காலாவதித் தேதி பாருங்கள். மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக விற்பதைத் தவிருங்கள்.

நம்மூர் வெயிலுக்கு

பரமக்குடி வெயில் தெரிந்ததுதானே! பூனை இயல்பாகவே தண்ணீர் குறைவாகக் குடிக்கும். உலர் உணவிலோ ஈரம் 10 சதவீதம்தான். எனவே இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் வையுங்கள். ஈர உணவும் கலந்து கொடுங்கள். கடுவன் பூனை சிறுநீர் போகாமல் முக்கினால், அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

புது உணவை ஒரே நாளில் மாற்றாமல், ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. நமக்கு மருந்தான வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம்; ரத்த அணுக்களை அழித்துவிடும். பாராசிட்டமால் மாத்திரை உயிரையே வாங்கிவிடும். மனிதருக்கு வைத்தியம் பார்க்கும் நானே பூனைக்கு மருந்து தருவதில்லை. நீங்களும் கைவைத்தியம் பார்க்காதீர்கள்!

வீடு சைவமாக இருக்கலாம், பூனை சைவமாக முடியாது.