பிரெஞ்சு படித்தால் கனடா போகலாமா?

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயிலில் ஒரு மணி நேரம்தான். திண்டிவனத்திலிருந்து பஸ்ஸிலும் ஏறக்குறைய அவ்வளவே. துணிமணி வாங்க, ஆஸ்பத்திரிக்குக் காட்ட என்று நாம் அடிக்கடி போய் வருகிற ஊர். அங்கே 1889-ல் தொடங்கிய அலியான்ஸ் ஃபிரான்சேஸ் என்ற நிலையம் இன்றும் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்து வருகிறது. "அதெல்லாம் காலேஜ் பசங்களுக்கு. நமக்கு எதுக்கு?" என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். கனடாவில் குடும்பத்தோடு நிரந்தரமாகக் குடியேற நினைப்பவர்களுக்கு இந்த மொழி இப்போது ஒரு பெரிய கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கதவு இல்லத்தரசிகளுக்கும் சேர்த்துத்தான்.

அன்று ஊர், இன்று மொழி

1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. அப்போது அந்த மண்ணைச் சேர்ந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள முடிந்தது. வாய்க்கால் தாண்டி இந்தப் பக்கம் பிறந்த நம் ஊர்க்காரர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. இன்று கனடா பார்ப்பது பிறந்த ஊரை அல்ல, படித்த மொழியை. அது யாருக்கும் பொது.

ஏன் இந்த மதிப்பு?

கனடாவில் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டுமே ஆட்சிமொழிகள். கியூபெக் மாநிலத்துக்கு வெளியே பிரெஞ்சு பேசுவோர் விகிதம் குறைந்து வருவதால், அந்த மொழி தெரிந்தவர்களை அரசு தேடி அழைக்கிறது. 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' என்ற முறையில் வயது, படிப்பு, மொழி, வேலை அனுபவம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு, மேலே இருப்பவர்களை அழைப்பார்கள். 2023 முதல் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனிச் சுற்றும் நடக்கிறது.

வித்தியாசத்தைப் பாருங்கள். 2024 பிப்ரவரி 28-ல் நடந்த பொதுச் சுற்றில் 534 மதிப்பெண் தேவைப்பட்டது. மறுநாள் நடந்த பிரெஞ்சுச் சுற்றில் 336 போதுமானதாக இருந்தது! 2025 மார்ச்சில் ஒரே பிரெஞ்சுச் சுற்றில் 7,500 பேரை அழைத்தார்கள். அப்போது எல்லை 379. சுற்றுக்குச் சுற்று இது ஏறும், இறங்கும். இது போக, நல்ல பிரெஞ்சோடு ஓரளவு ஆங்கிலமும் தெரிந்தால் 50 மதிப்பெண் கூடுதல்.

மனைவியே முதல் விண்ணப்பதாரர்

இதுதான் நம் சகோதரிகள் கவனிக்க வேண்டிய விஷயம். பிரெஞ்சுச் சுற்றில் சேர, முதல் விண்ணப்பதாரருக்கே பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும். கணவர் பெயரில் விண்ணப்பித்துவிட்டு, மனைவியின் பிரெஞ்சைக் காட்டிச் சேர முடியாது. ஆனால் மனைவியே முதல் விண்ணப்பதாரராக இருக்கத் தடையில்லை. கணவரும் குழந்தைகளும் அவரோடு சேர்ந்து போகலாம்.

"எனக்குத்தான் வேலையே இல்லையே?" என்கிறீர்களா? கடந்த பத்து ஆண்டுக்குள், இடைவிடாமல் ஓராண்டு சம்பளத்துக்கு வேலை பார்த்திருந்தால் போதும். ஆசிரியை, நர்ஸ், கணக்கர் போன்ற தேர்ச்சி வேண்டிய வேலையாக இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் பார்த்துவிட்டு நிறுத்திய வேலைகூடக் கணக்கில் வரும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

முதலில் தகுதிக்கு 100-க்கு 67 வேண்டும். உதாரணமாக, 32 வயதுப் பெண்:

வயது – 12
பட்டப்படிப்பு (கனடாப் பட்டத்துக்குச் சமம் என்று மதிப்பிடப்பட்டால்) – 21
ஓராண்டு வேலை – 9
பிரெஞ்சு, நான்கு திறனிலும் 7-ஆம் படி – 16
ஆங்கிலம், 5-ஆம் படி – 4
கணவருக்கு ஓரளவு ஆங்கிலம் – 5

ஆக மொத்தம் 67. வாசலில் நுழைந்தாயிற்று! ஆனால் தரவரிசைக் கணக்கு வேறு. கணவரும் பட்டதாரி என்றால், இதே பெண்ணுக்கு அங்கே ஏறத்தாழ 350 கிடைக்கும். 2024-ல் சொன்ன அந்தச் சுற்றுக்கு அது போதும். 2025 மார்ச் சுற்றுக்குப் போதாது. ஆகவே 7-ஆம் படியோடு நிற்காமல் 9 வரை ஏறப் பாருங்கள். வயதும் முக்கியம்: 29 வரை முழு மதிப்பெண், பிறகு ஆண்டுதோறும் குறைந்து 45-ல் ஒன்றுமே இல்லை. "குழந்தை பெரிசாகட்டும், பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

எவ்வளவு நாள் பிடிக்கும்?

7-ஆம் படி என்பது ஐரோப்பியக் கணக்கில் பி-2 நிலைக்கு நெருக்கம். அடியிலிருந்து தொடங்கினால் 500, 600 மணி நேரப் படிப்பு வேண்டும். தினம் ஒன்றரை மணி நேரம் என்றால் ஓராண்டுக்கு மேல் ஆகும். மூன்று மாதத்தில் முடித்துத் தருகிறோம் என்பவர்களை நம்பாதீர்கள். பிளஸ் டூவில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுத்தவர்களும் புதிதாகத் தொடங்குவதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழச்சிக்குச் சில விஷயங்கள் எளிது. நாம் நீ, நீங்கள் என்பதைப் போல அவர்களுக்கு 'த்யூ', 'வூ'. ஆனால் மேஜைகூடப் பெண்பால்! வார்த்தையின் கடைசி எழுத்து பல இடங்களில் ஒலிக்காது. எனவே காதுக்குப் பழக்கம் வேண்டும். சமையல் செய்யும்போது பிரெஞ்சு வானொலியை ஓடவிடுங்கள். பாடத்தை வாய்விட்டுப் படியுங்கள். கேட்டல், பேசல், படித்தல், எழுதுதல் நான்கிலும் தேற வேண்டும். ஒன்றில் சறுக்கினாலும் பயனில்லை. நேரில் போக முடியாத கைக்குழந்தைக்காரிகளுக்கு இணையவழி வகுப்புகளும் உண்டு.

தேர்வில் ஒரு குழப்பம் வேண்டாம். கனடாவுக்கு 'டெஃப் கனடா' அல்லது 'டிசிஎஃப் கனடா' தேர்வுதான் செல்லும். 'டெல்ஃப்' சான்றிதழ் செல்லாது. மதிப்பெண் இரண்டு ஆண்டுக்கு மட்டுமே செல்லும்.

பிரான்ஸுக்கு வாழ்க்கைப்படுகிறவர்களுக்கு

2026 ஜனவரி 1 முதல் அங்கேயும் மொழி விதி கடுமையாகிவிட்டது. பொதுவாக, பல ஆண்டு தங்கும் அட்டைக்கு ஏ-2, பத்தாண்டு அட்டைக்கு பி-1, குடியுரிமைக்கு பி-2 நிலை கேட்கிறார்கள். நிச்சயம் ஆனவுடனே பெண்ணை வகுப்பில் சேர்த்துவிடுவது நல்லது.

ஏமாறாதீர்கள்

எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் பெயர் பதியக் கட்டணமே கிடையாது. ஏஜென்ட் கட்டாயமில்லை. வைத்துக்கொண்டால், அவர் கனடா குடிவரவு ஆலோசகர் கல்லூரியின் பட்டியலில் இருக்கிறாரா என்று பாருங்கள். பொய்ச் சான்றிதழ் கொடுத்தால் ஐந்து ஆண்டு தடை. கையில் பணமும் காட்ட வேண்டும்: 2025 ஜூலை கணக்குப்படி மூன்று பேர் குடும்பத்துக்கு 23,360 கனடா டாலர். விதிகள் திடீரென மாறும். 2025 மார்ச்சில் வேலை உத்தரவுக்கான மதிப்பெண்ணையே எடுத்துவிட்டார்கள். எனவே நகையை அடகு வைக்குமுன் கனடா அரசின் இணையதளத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. முன்பு வேலை பார்த்த இடத்தில் அனுபவச் சான்றிதழ் வாங்கி வையுங்கள். வேலையின் விவரம், வாரத்துக்கு எத்தனை மணி, சம்பளம், சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் அதில் இருக்கட்டும். மொழியை நாளையும் படித்துக்கொள்ளலாம். கையெழுத்துப் போட வேண்டியவர் மாற்றலாகிப் போய்விட்டால் அலைவது நாம்தான்.