கோஸ் இலையில் ஓட்டையா? மருந்து அடிக்கும் முன் புழுவைத் தொட்டுப் பாருங்கள்!

நீலகிரி, கொடைக்கானல் மலைகளிலும் ஓசூர் பக்கமும் முட்டைகோஸ் போட்டிருப்பவர்கள், இலையில் ஓட்டையைக் கண்டதுமே மருந்துக் கடைக்கு ஓடுவது வழக்கம். ‘எந்தப் புழு?’ என்ற கேள்வி பல நேரங்களில் எழுவதே இல்லை. கைக்காசு கரைந்த பிறகும் புழு அப்படியே இருக்கும்.

அடையாளம் காண்பது ஒன்றும் கஷ்டமில்லை. இலையைப் புரட்டிப் பார்த்தாலே போதும்.

வைரமுதுகு அந்துப்பூச்சி: கோஸின் முதல் எதிரி இதுதான். இதன் பச்சைப் புழு, ஒரு பக்கத் தோலை மட்டும் விட்டுவிட்டு இலையைச் சுரண்டித் தின்னும். அந்த இடம் வெளுத்து, கண்ணாடி ஜன்னல் போலத் தெரியும். புழுவைத் தொட்டால் பின்பக்கமாகத் துள்ளி, நூல் விட்டுத் தொங்கும். அந்துப்பூச்சி உட்காரும்போது அதன் முதுகில் வைர வடிவங்கள் தெரியும்.

புரோடீனியா புழு: பழுப்பு ரோமம் மூடிய முட்டைக் குவியல்தான் அடையாளம். குஞ்சுப் புழுக்கள் கூட்டமாக இருந்து இலையைச் சல்லடையாக்கும். வளர்ந்த புழு பகலில் ஒளிந்து, இரவில் மேயும்.

குருத்துத் துளைப்பான்: நடுக்குருத்தில் நூலாம்படை, எச்சம் இருந்தால் இதன் வேலை. ஒரே பெரிய கோஸுக்குப் பதில் பல குட்டிக் கோஸ்கள் கிளம்பும்.

அசுவினி: சாம்பல் பூசியதுபோல இலையடியில் அப்பியிருக்கும். சாற்றை உறிஞ்சுவதால் இலை சுருளும்.

இனம் தெரியாமல் மருந்து அடிப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. வைரமுதுகுப் பூச்சி, 1950-களிலேயே ஜாவா தீவில் டி.டி.டி-க்குப் பழகிவிட்டது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால், அந்த மருந்துக்குத் தாக்குப்பிடிக்கும் பூச்சிகள் மட்டுமே மிஞ்சிப் பெருகும்.

இதற்குக் கடுகு கைகொடுக்கும். 25 வரிசை கோஸுக்கு இரண்டு வரிசை கடுகு. முதல் வரிசையை நடவுக்கு 15 நாள் முன்பும், அடுத்ததை நட்ட 25-ம் நாளிலும் விதைக்க வேண்டும். அந்துப்பூச்சி கடுகைத் தேடிப்போய் முட்டையிடும். அங்கே கூடும் பூச்சியை ஒழிக்கக் கடுகுக்கு மருந்து அடிக்கலாம்.

அசுவினிக் கூட்டத்தில் சில பழுப்பாக உப்பி, அசையாமல் ஒட்டியிருந்தால் சந்தோஷப்படுங்கள். அவற்றுக்குள் குளவிக்குஞ்சு வளர்கிறது. அங்கே மருந்து அடித்தால், சம்பளம் வாங்காத வேலையாளையே கொன்றதாகிவிடும்!