புள்ளி நிற்கும் இடம்

2 + 3 * 4 என்று நிரலில் எழுதினால் விடை 14. 20 வருவதில்லை. ஆனால் கம்பைலர் அந்த வரியை இடமிருந்து வலமாக, ஒவ்வொரு குறியாகத்தான் படிக்கிறது. 2 + 3 வரை வந்ததும், கூட்டி முடிப்பதா, காத்திருப்பதா?

கீழிருந்து மேலாக இலக்கணம் பிரிக்கும் முறைக்கு இதுதான் உயிர்நாடியான கேள்வி. 1965இல், 27 வயதான கணினி அறிவியலாளர் டொனால்ட் க்னூத் இதற்கு முறையான விடை தந்தார்.

இலக்கணத்தைச் சிறிதாக வைத்துக்கொள்வோம். கோவை என்பது 'கோவை + உறுப்பு' அல்லது வெறும் உறுப்பு. உறுப்பு என்பது 'உறுப்பு * காரணி' அல்லது வெறும் காரணி. காரணி என்பது ஓர் எண், அல்லது அடைப்புக்குள் ஒரு கோவை. இனி, விதிக்குள் எதுவரை படித்தாயிற்று என்பதைக் காட்ட ஒரு புள்ளி. 'கோவை + • உறுப்பு' என்றால் கூட்டல் குறி தாண்டியாயிற்று, அடுத்து ஓர் உறுப்பு வர வேண்டும். புள்ளி வைத்த இந்த விதிக்கு உருப்படி என்று பெயர்.

உறுப்பு வர வேண்டுமென்றால், அது எப்படியெல்லாம் தொடங்கலாம்? '• உறுப்பு * காரணி', '• காரணி' இரண்டும் சேர்கின்றன. காரணி எதில் தொடங்கும்? எண்ணில், அல்லது அடைப்புக்குறியில். அந்த இரண்டும் சேர்கின்றன. சேர்க்க வேறொன்றும் இல்லை என்றானதும் ஐந்து உருப்படிகள் கொண்ட ஒரு தொகுதி நிறைகிறது.

இத்தொகுதியில் ஓர் உறுப்பைப் படித்து முடித்தால் புள்ளி நகர்ந்து அடுத்த தொகுதி பிறக்கிறது. அதில் இரண்டே உருப்படிகள்: 'கோவை + உறுப்பு •', 'உறுப்பு • * காரணி'. முதலாவது, கூட்டல் முடிந்தது என்கிறது. இரண்டாவது, பெருக்கல் வரலாம் என்கிறது. நாம் தொடங்கிய 2 + 3 நிற்பது இங்கேதான். அடுத்த குறி பெருக்கல். இந்த இலக்கணப்படி, முடிந்துபோன ஒரு கோவையை அடுத்துப் பெருக்கல் குறி வரவே முடியாது. ஆகவே கம்பைலரில் இலக்கணம் பிரிக்கும் பகுதியான பார்சர் கூட்டாமல் காத்திருக்கிறது, 14 கிடைக்கிறது.

முழு வரியும் ஒரு கோவை என்னும் தொடக்க விதியையும் சேர்த்தால் புள்ளிக்கு 20 இடங்கள், மொத்தம் 12 தொகுதிகள். படிக்கும் நிரல் எத்தனை லட்சம் வரி நீண்டாலும் இந்த 12 போதும் என்பதுதான் இதன் அழகு.

க்னூத்தின் முழு முறையில் ஒவ்வொரு உருப்படியும் அடுத்து வரக்கூடிய குறியையும் சுமக்கிறது. அதனால் இதே இலக்கணத்துக்கு 12 தொகுதிகள் 22 ஆகிவிடும். அன்றைய கணினிகளின் நினைவகத்துக்கு, உண்மையான நிரல் மொழிகளுக்கான தொகுதிகளின் அட்டவணைகள் தாங்காத சுமை. 1969இல் எம்ஐடியில் ஃப்ராங்க் டிரெமர் தம் முனைவர் ஆய்வேட்டில் வழி சொன்னார்: புள்ளிகள் ஒரே இடத்தில் நிற்கும் தொகுதிகளை ஒன்றாக்கிவிடலாம். 22 மீண்டும் 12 ஆனது. பெல் ஆய்வகத்தில் ஸ்டீஃபன் ஜான்சன் 1970களில் எழுதிய யாக், பிறகு வந்த பைசன் ஆகிய கருவிகள் இவ்வழியில் தொகுதிகளைத் தாமே கட்டின. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தனக்கு வரும் எஸ்க்யூஎல் கேள்விகளைப் பிரித்தறிவது பைசன் உருவாக்கித் தரும் பார்சரைக் கொண்டுதான்.