கடல் தரும் விஷங்கள் – 5: பேத்தை மீனும் தீவகத்தின் தூரமும்

1981ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் வாயலூரில் மட்டிச் சதையை உண்ட 85 பேர் வைத்தியசாலை சேர்ந்ததையும், அவர்களுள் மூவர் மாண்டதையும், கண்ணுக்குப் புலப்படாத நுண்பாசிகளின் விஷமே அதற்குக் காரணமென்பதையும் சென்ற வாரம் கண்டோம். அதே வகையில் நரம்பைக் கட்டும் இன்னொரு விஷம், நம் தீவகத்துப் பரவைக்கடலிலே, எல்லாரும் பெயர் சொல்லி அறிந்த ஒரு மீனின் சரீரத்தில் இருக்கிறது.

ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் களங்கட்டிகளில் ஓராவும் ஒட்டியும் இறாலும் விழும்போது பேத்தையும் உடன் விழும். தூக்கியெடுத்ததும் காற்றை விழுங்கி, வெண்ணிற வயிற்றின் நுண்முட்கள் விறைத்து நிற்க ஊதிப் பருத்து, கிளியலகு போன்ற பற்களை நறநறவென்று கடித்துக்கொண்டு கரைமணலில் உருளும் அம்மீனைப் பெரும்பாலோர் வீசிவிடுவர். ஆயினும், ஈரலையும் சினையையும் நீக்கிவிட்டால் மிச்சம் நல்ல சதைதானே என்று கருதுவோரும் உண்டு.

இந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருப்பதே பெரிய அபாயம். பல பேத்தைகளில் விஷம் ஈரலிலும் சினையிலும் மிகுந்திருப்பது மெய்யே, தோலிலும் இருப்பதுண்டு. ஆனால் இந்து சமுத்திரத்தில் அகப்படும் ஒரு பேத்தையினத்தில் சதையே விஷம். அவ்வினத்தையும் அதனை ஒத்த சாதுவான இனத்தையும் பிரித்தறிய, முதுகின் நுண்முட்கள் முதுகுத்துடுப்பு வரை நீண்டுள்ளனவா, இடையில் நின்றுவிட்டனவா என்று தடவிப் பார்க்கவேண்டும். அந்தி வெளிச்சத்தில், அடுப்பில் உலை கொதிக்கும் அவசரத்தில், அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

கொதிக்கவைத்தால் விஷம் போகுமென்பதும் வீண் எண்ணம். 1909இல் ஜப்பானிய விஞ்ஞானி தஹாரா டெட்ரோடொக்சின் எனப் பெயரிட்ட இவ்விஷம் அடுப்பின் சூட்டுக்கு அழியாது. புளிப்புள்ள நீரில் எளிதாகக் கரையவும் செய்யும். ஆகவே பழப்புளி கரைத்த ஒடியற்கூழில் ஒரு துண்டு பேத்தை விழுந்துவிட்டால், அத்துண்டை உண்டவனோடு விஷம் நிற்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

1774 செப்டெம்பரில் நியூ கலிடோனியாத் தீவருகே நங்கூரமிட்டிருந்த தளபதி ஜேம்ஸ் குக், தீவினரிடம் வாங்கிய இத்தகைய மீனின் ஈரலையும் சினையையும் தம்முடன் வந்த இயற்கைநூல் வல்லுநர் இருவரோடு சிறிதளவே சுவைத்துவிட்டு உறங்கச் சென்றார். விடியுமுன் கைகால் மரத்து விழித்தபோது, நீர் நிறைந்த பாத்திரத்துக்கும் பறவையின் இறகுக்கும் கனத்தில் பேதம் தெரியவில்லை என்று தம் குறிப்பில் எழுதினார். மீனின் குடலைத் தின்ற பன்றியொன்று காலையில் செத்துக் கிடந்தது.

உதட்டிலும் நாவிலும் தோன்றும் விறுவிறுப்பே முதற் குறி. சில நிமிஷங்களிலும் வரும், சில மணி நேரம் கழித்தும் வரும். நரம்பின் சோடியம் வாயில்களை விஷம் அடைத்துவிடுவதால் கைகால் ஓய்ந்து, பேச்சுக் குழறி, இறுதியில் மூச்சுத் தசைகள் நின்றுபோகும். அப்போதும் நோயாளிக்குப் பெரும்பாலும் ஸ்மரணை தெளிவாகவே இருக்கும். மாற்று மருந்து இன்றுவரை இல்லை. செயற்கைச் சுவாசம் கொடுத்து ஏறத்தாழ ஒரு நாள் காத்துவிட்டால் பிழைப்பவர் பலர்.

அந்த ஒரு நாளை எங்கே காப்பது என்பதுதான் தீவகத்தாரின் கேள்வி. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் துறைக்குப் படகில் சுமார் ஒரு மணி நேரம். அங்கிருந்து புங்குடுதீவையும் வேலணையையும் கடந்து பண்ணைப் பாலம் வழியாக யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை சேரவேண்டும். கச்சான் காற்று எழுந்துவிட்டால் படகுக்காரரின் கணக்கும் பொய்க்கும். பட்டணத்தான் பிழைக்கும் அதே விஷத்தில் தீவான் மாளக்கூடும்.

ஆகவே, பேத்தை எவ்வளவு கொழுத்திருந்தாலும் சமையலுக்கு எடாதீர்கள். நாயும் கோழியும் கிளறாதவாறு ஆழப் புதையுங்கள். உண்டபின் உதடு விறுவிறுத்தால் கைமருந்தில் நேரத்தைப் போக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள்; வழியில் மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதுவதை நிறுத்தாதீர்கள்.