அட்டையிலிருந்து கோப்புக்கு: சந்தவாசல் தறிகளை ஆராயும் முறை

ஆரணிப் பட்டு வட்டாரத்தைச் சேர்ந்த சந்தவாசல் போன்ற நெசவூர்களில் மின்னணு ஜக்கார்டு என்ற புதிய தொழில்நுட்பத்தின் விளைவை ஆராய்வோருக்கு, ஒரு சேலை நெய்து இறக்க ஆகும் நாள்கள் எவ்வளவு குறைந்தன என்று கணக்கிடுவது எளிது. ஆனால் அந்தக் கணக்கு, மிச்சமான நாள்களின் பலன் யாருடைய கைக்குப் போகிறது என்பதைச் சொல்வதில்லை.

பிரான்சின் லியோன் நகரில் 1804ஆம் ஆண்டளவில் ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கிய பொறி, கோத்துக் கட்டிய துளை அட்டைகளைக் கொண்டு, ஒவ்வோர் ஊடை இழைக்கும் பாவின் எந்தெந்த இழைகள் மேலெழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. துளை இருக்குமிடத்தில் கொக்கி இழையைத் தூக்கும், துளை இல்லாத இடத்தில் இழை கிடந்தபடியே கிடக்கும். அதுவரை தறியருகே நின்று கயிறுகளை இழுத்துக்கொடுத்த உதவியாளின் வேலை அங்கே இதனால் மறைந்தது. மின்னணு ஜக்கார்டில் அட்டையின் இடத்தைக் கணினிக் கோப்பும், அதன் ஆணைப்படி இயங்கும் மின்காந்தங்களும் எடுத்துக்கொள்கின்றன. கட்டத்தாளில் வரைந்த கரையையும் முந்தியையும் பார்த்து அட்டை குத்துபவருக்கு இனி வேலை சுருங்கும்; சிறு எண்ணிக்கையில் புதுப்புது வடிவங்களை நெய்வது எளிதாகும்.

இந்தக் கோப்பு யார் கையில் இருக்கிறது என்பதே ஆராய்ச்சி ஆழமாகத் தோண்ட வேண்டிய இடம். பாவு, ஊடை, ஜரிகையை முதலாளி தர, நெசவாளர் கூலிக்கு நெய்யும் முறையில், அட்டைக் கட்டாவது தறியிருக்கும் வீட்டில் தொங்கும்; கோப்போ முதலாளியின் கணினியிலேயே இருந்துவிட முடியும். அப்போது வடிவத்தின் மீது நெசவாளருக்கு இருக்கும் சிறு பிடியும் போய்விடும். இந்த இழப்பு எந்த உற்பத்திப் புள்ளிவிவரத்திலும் பதிவாகாது என்பதே கவலைக்குரியது.

சட்டமும் கணக்கில் வர வேண்டும். கைத்தறிக்கென ரகங்களை ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தொடக்கத்தில் 22 ரகங்கள் இருந்தன, பின்னர் அவை 11 ஆயின. விசைத்தறியிலிருந்து கைத்தறியைப் பிரிக்கும் கோடு, தறியை இயக்குவது மின்விசையா என்பதைப் பொறுத்தது. ஆகவே ஜக்கார்டைத் தூக்க மட்டும் மோட்டார் பூட்டிய தறி எந்தப் பக்கம் நிற்கிறது என்பது நெசவாளரின் பிழைப்பைத் தொடும் கேள்வியாகிறது.

2019-20ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்களைக் கண்டது. முந்தைய கணக்கெடுப்பில் இது 43.31 லட்சம். நான்காவது கணக்கெடுப்பு கண்ட தொழிலாளர்களில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பெண்கள். அவர்களின் உழைப்பு தறியோடு நில்லாமல் வீட்டின் துணை வேலைகளிலும் பரவியிருப்பதால், ஆய்வின் அலகு தறியாக இல்லாமல் வீடாக இருப்பதே முறை. தார் சுற்றுபவர், பாவு புணைப்பவர், கரையைத் தனி ஊடையால் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்குப் பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவை எறிபவர் ஆகியோரின் நேரமும் வருமானமும், ஒரு பாவு ஏற்றியது முதல் அறுத்து இறக்கும்வரை, தனித்தனியே குறிக்கப்பட வேண்டும். கூடவே, கூட்டுறவுச் சங்கம் கணினியையும் கோப்புகளையும் உறுப்பினர்களின் பொதுச்சொத்தாக வைத்திருக்கும் ஊரையும், தனி முதலாளியே வைத்திருக்கும் ஊரையும் ஒப்பிட்டு, கூலி எங்கே உயர்ந்தது என்று பார்ப்பது அவசியம்.