காஞ்சியில் பகைவன் பொறித்த சாசனம்

காஞ்சீபுரம் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில், மோட்சபுரிகள் ஏழனுள் அது ஒன்று என்றும், தென்னாட்டில் அப்பெருமை அதற்கு மட்டுமே உரியது என்றும் கூறி நம்மவர் கைகூப்புவர். சற்றே சரித்திர அபிமானம் உடைய இளைஞராயின், நரசிம்மவர்ம பல்லவன் வாதாபியைக் கைப்பற்றிய வீரச் செயலையும் உடன் எடுத்துரைப்பர். இரண்டும் உண்மையே. ஆயினும், அந்நகரின் கைலாசநாதர் ஆலயத்துத் தூண் ஒன்றில் கன்னட மொழியில் ஒரு சாசனம் இருப்பதையும், அதைப் பொறிக்கச் செய்தவன் பல்லவரின் பரம வைரியான சளுக்கிய மன்னன் என்பதையும் அறிந்தவர் நம்முள் எத்தனை பேர்? அச்சாசனத்தை அறியாதவரை, காஞ்சியின் பெருமையில் பாதியைத்தான் நாம் அறிந்தவராவோம்.

நகரம் மிகத் தொன்மையானது. பதஞ்சலி முனிவரின் மகாபாஷ்யத்திலேயே அதன் பெயர் வருகிறது. தொண்டைமான் இளந்திரையனின் கச்சியைப் பெரும்பாணாற்றுப்படை பாடுகிறது. மணிமேகலை அறவண அடிகளிடம் அறங்கேட்டுத் தவம் பூண்டது இந்நகரில்தான். கி.பி. நான்காம் நூற்றாண்டில் வடக்கேயிருந்து படையெடுத்து வந்த சமுத்திரகுப்தன், தான் வென்று விடுவித்த அரசருள் காஞ்சி விஷ்ணுகோபனையும் ஒருவனாக அலகாபாத் தூணில் குறித்திருக்கிறான்.

எனினும் அரண்மனையைக் காட்டிலும் நகருக்குப் புகழ் தேடித் தந்தது அதன் கடிகை. கடிகை என்பது வேதமும் சாஸ்திரமும் பயில்வோர் கூடிய வித்யாபீடம். தூர தேசங்களிலிருந்து மாணாக்கர் இதை நாடி வந்தனர். அவ்வாறு தன் ஆசானுடன் வந்தவன் மயூரசர்மன் என்னும் அந்தணன். பல்லவக் குதிரை வீரன் ஒருவனுடன் அவனுக்குப் பூசல் விளைந்தது. படித்தவன் அரச சேவகனுக்குத் தாழ்ந்தவனா என்று வெகுண்டு, தருப்பை ஏந்திய கையில் வாளை ஏந்தினான். காடுகளில் புகுந்து பல்லவ அதிகாரிகளை அலைக்கழித்து, முடிவில் கதம்ப ராஜ்யத்தையே ஸ்தாபித்தான். இச்செய்தியைத் தாளகுண்டாவில் உள்ள தூண் சாசனம் விரிவாகக் கூறுகிறது. அதிகாரத்தின் செருக்கு ஒரு மாணவனை அவமதித்து ஒரு ராஜ்யத்தின் எல்லையை இழந்த கதை இது.

ஒரே சமயத்தின் நகராகக் காஞ்சி அக்காலத்தில் இருந்ததில்லை. கி.பி. 640-ஐ ஒட்டி இங்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களையும், பதினாயிரம் பிட்சுக்களையும், எண்பது தேவாலயங்களையும், சமணர் பலரையும் குறிப்பிடுகிறார். நாளந்தாவின் தலைமை ஆசாரியராக விளங்கிய தர்மபாலர் பிறந்த ஊர் இதுவே என்பதும் அவர் தரும் செய்தி. இத்தனை சமயத்தார் ஒரே வீதியில் நடந்தால் வாதமும் வம்பும் இல்லாமலிருக்குமா? மகேந்திரவர்மன் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனத்தில், காபாலிகன் ஒருவன் தன் கபாலத்தைக் காஞ்சித் தெருவில் தொலைத்துவிட்டு, பௌத்த பிட்சு திருடினான் என்று வழக்காடுகிறான். கபாலத்தைக் கவ்விச் சென்றதோ ஒரு நாய்! அரசனே எழுதி நகைத்த நகைப்பு இது. தன் நகரத்துப் போலிகளைப் பார்த்துச் சிரிக்கவல்ல மன்னர் எக்காலத்திலும் அரியர்.

அந்த மகேந்திரன் காலத்திலேதான் சளுக்கியப் பகை மூண்டது. இரண்டாம் புலிகேசியின் ஐஹொளெ சாசனம், பல்லவன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்தான் என்று 634-ல் ஏளனம் செய்தது. 642-ல் நரசிம்மவர்மன் அதற்கு வட்டியும் முதலுமாக ஈடு செய்தான். வாதாபி வீழ்ந்தது. பல்லவன் பெயர் பொறித்த சாசனம் இன்றும் பாதாமிப் பாறையில் சிதைந்து நிற்கிறது. அகத்தியர் வாதாபி அசுரனை அழித்ததுபோல் எம் மன்னன் அந்நகரை அழித்தான் என்று பல்லவர் செப்பேடுகள் மார்தட்டுகின்றன. பழி பழியை ஈன்றது; இருதிறத்தாரும் மாறி மாறிப் படை நடத்தினர்.

இதனிடையே, எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ராஜசிம்மன் கைலாசநாதர் ஆலயத்தை எழுப்பினான். அவன் மகன் இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசின்றி மாண்டான். 731-ஐ ஒட்டி நிகழ்ந்த அதன் விளைவு, அரசியலில் ஈடுபட்ட நமது நேயர்கள் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. நகரத்தின் பிரதிநிதிகளும் கடிகையாரும் கூடி, பல்லவரின் கிளைக் குடும்பத்தைச் சேர்ந்த இரணியவர்மனிடம் சென்று அரசன் வேண்டுமென்று கேட்டனர். மூத்த பிள்ளைகள் மறுக்க, பன்னிரண்டு வயதுப் பாலகன் முன்வந்தான். அவனே நந்திவர்ம பல்லவமல்லன். இவ்வரலாறு முழுவதும் வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் சிற்ப வரிசையாகச் செதுக்கப்பட்டு, பக்கத்தில் தமிழ் வாசகமும் வெட்டப்பட்டுள்ளது. அரியணை ஏறியவன் தன் உரிமைக்கு நியாயம் தேடிச் செதுக்குவித்தது என்று ஐயுறுவோர் ஐயுறட்டும். அவ்வாறு நியாயம் தேட நேர்ந்தபோது, வாளை மட்டும் காட்டினால் போதாது, பிரஜைகளின் சம்மதத்தையும் காட்ட வேண்டும் என்று அவன் கருதினான் அல்லவா? நாம் கவனிக்க வேண்டியது அதையே.

இந்த இளம் மன்னன் மீதுதான் இரண்டாம் விக்கிரமாதித்தன் படையெடுத்தான். 733-ல் பட்டமேறிய அவனுக்கு வாதாபியின் சாம்பல் மறந்திருக்காது. பாட்டன் பூட்டன் காலத்து அவமானம் அது. நந்திவர்மன் தோற்றோடினான். அவன் விட்டுச் சென்ற வாத்தியங்களும், கட்வாங்கக் கொடியும், யானைகளும், மாணிக்கக் குவியலும் சளுக்கியன் கைப்பட்டன என்று 757-ஆம் ஆண்டின் வக்கலேரிச் செப்பேடு கூறுகிறது. காஞ்சி காப்பாரின்றித் திறந்து கிடந்தது. நூறாண்டுப் பழியை ஒரே இரவில் தீர்த்துக்கொள்ள அதனினும் வாய்ப்பான தருணம் வேறில்லை.

விக்கிரமாதித்தன் நகரை அழிக்கவில்லை. அந்தணருக்கும் ஆதரவற்றோருக்கும் தானம் வழங்கினான். ராஜசிம்மன் ஆலயத்துக்குள் சென்று, அங்கே குவிந்திருந்த பொற்பொருளைப் பார்வையிட்டு, அவ்வளவையும் இறைவனுக்கே திருப்பி அளித்தான். அச்செய்தியைத் தன் மொழியில் அவ்வாலயத்துத் தூணிலேயே பொறிக்கச் செய்தான். சாசனங்களின் முடிவில் தர்மத்தை அழிப்போருக்குச் சாபம் இடுவது வழக்கம். இங்கே சளுக்கியன் இட்ட சாபம் யாது? இவ்வெழுத்தையும் இத்தர்மத்தையும் அழிப்பவர், இந்நகரத்துக் கடிகையின் மகாஜனங்களைக் கொன்றவர் புகும் உலகம் புகுவர் என்பதே. எதிரியின் தலைநகரில் நின்றுகொண்டு, பாவத்தை அளக்க அவன் எடுத்த அளவுகோல் அந்நகரத்துப் பண்டிதர்களின் உயிர்!

ஊர் திரும்பிய பின்னும் காஞ்சி அவனை விடவில்லை. அவ்வெற்றியின் நினைவாக அவன் தேவி லோகமகாதேவி பட்டடக்கல்லில் எடுப்பித்த லோகேசுவரர் ஆலயம், இன்று விருபாட்சர் கோயில் எனப்படுவது, கைலாசநாதர் ஆலயத்தின் சாயலையே தாங்கி நிற்கிறது. வென்றவன் தோற்றவனின் கலையைத் தன் வீட்டுக்கு வரவழைத்துக் கொண்டான். அவன் அடைந்த கொள்ளையில் அதைவிடச் சிறந்தது வேறெதுவும் இல்லை.

பிற்காலத்தார் எல்லோரும் அவனைப் பின்பற்றினர் என்று சொல்வதற்கில்லை. சோழ மன்னன் ராஜாதிராஜன் பதினோராம் நூற்றாண்டில் கல்யாணபுரத்தை எரித்து, அங்கிருந்து கொணர்ந்த துவாரபாலகர் சிலையின் அடியில் அப்பெருமையை எழுதியும் வைத்தான். 1481-ல் பாமினி சுல்தான் மூன்றாம் முகம்மது ஷாவின் படை காஞ்சியைச் சூறையாடியது. இவற்றுள் ஒன்றை மட்டும் சொல்லி மற்றொன்றை மறைப்பது சரித்திரமாகாது.

நகரமோ ஒவ்வொரு முறையும் எழுந்தது. யாதவப் பிரகாசரிடம் பாடங்கேட்ட ராமானுஜர் இங்கிருந்தே ஒரு பெரும் சம்பிரதாயத்தை நடத்தச் சென்றார். விஜயநகர மந்திரி இருகப்பர் 1387-ல் திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலுக்குச் சங்கீத மண்டபம் கட்டினார். ஏகாம்பரநாதரின் பெரிய கோபுரம் 1509-ல் கிருஷ்ணதேவராயர் எடுத்தது. சைவம், வைணவம், சமணம் மூன்றுக்கும் இன்றும் ஆலயங்கள் உள. பௌத்தத்தின் கதி வேறு. யுவான் சுவாங் எண்ணிய மடங்களுள் ஒன்றேனும் காஞ்சியில் இன்று நிற்கவில்லை. காமாட்சியம்மன் கோயிலில் 1915-ல் கண்டெடுத்த ஆளுயரத்துக்கு மேற்பட்ட புத்தர் சிலை, சென்னை அருங்காட்சியகத்தில் நிற்கிறது.