கடையில் ஒரு துணி, வீட்டில் ஒரு துணி!

எங்கள் வெள்ளிமலையிலிருந்து யூனிபார்ம் துணி எடுக்கக் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏற வேண்டும். துணி சரியில்லையென்றால் திருப்பிக் கொடுக்க இன்னொரு நாள் கூலியும் பஸ் காசும் யார் தருவார்கள்? அதனால்தான் சகோதரிகளே, இதை எழுதுகிறேன்.

ஒரு கடையில், "இஸ்திரியே வேணாம்க்கா, சுருக்கமே விழாது" என்று பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த துணியைக் கொடுத்தார்கள். சுருக்கம் விழவில்லை, வாஸ்தவம்தான். ஆனால் அரையாண்டுப் பரீட்சைக்குள் மகனின் சட்டைக் காலர் மடிப்பிலேயே விட்டுப் போச்சு!

சுருக்கம் விழாமலிருக்க, ஆலையில் துணியை ஒருவகைப் பிசின் மருந்தில் நனைத்துச் சூடாக்குகிறார்கள். அது பருத்தி இழையை உள்ளுக்குள்ளேயே கட்டிப் போட்டுவிடும். இழை கசங்காது, வளைந்தும் கொடுக்காது. மடிப்பிலும் உரசுகிற இடத்திலும் சீக்கிரம் அறும். பாலியஸ்டரை அந்த மருந்து ஒன்றும் செய்யாது. துணியைத் தாங்குவதே அதுதான். ஆகவே சுருக்கம் விழாத துணிதான் வேண்டுமென்றால், பாலியஸ்டர் 67, பருத்தி 33 என்று கலந்தது தேவலை. கீழ்நாட்டு வெயிலுக்குப் புழுங்கும். எங்கள் மலைக் குளிருக்குப் பரவாயில்லை.

வெண்ணெய் மாதிரி வழுக்குகிற துணியிலும் விஷயம் இருக்கிறது. அது சிலிக்கான் பூச்சு. நூலோடு நூல் வழுக்கிக் கொடுப்பதால், ஆணியில் மாட்டினால் நாலைந்து நூல் சேர்ந்து நின்று தாங்கும், சட்டென்று கிழியாது. ஆனால் அதே வழுக்கல்தான் தையலுக்கு வினை. அக்குளிலும் இடுப்பிலும் நூல் விலகி வாய் பிளக்கும். தைக்கும்போது உள்பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் துணி விடச் சொல்லுங்கள். வியர்வையையும் அது சரியாக உறிஞ்சாது.

அப்புறம் இந்தப் பஞ்சு உருண்டைகள்! பருத்தியில் வந்தால் தேய்ந்து உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் இழை பலமானது, உருண்டையை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஆலையிலேயே துணியின் மேல் ரோமத்தை நெருப்பில் பொசுக்கியிருந்தால் இந்தத் தொல்லை குறைவு. துணியை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் ரோமம் தெரியும்.

மொடமொடப்பைப் பார்த்து மயங்காமல், ஒரு ஓரத்தை இரண்டு கையாலும் கசக்கித் தேய்த்துப் பாருங்கள். மாவு உதிர்ந்து துணி தொளதொளத்தால் வெறும் கஞ்சி. இரண்டு துவைப்பில் போய்விடும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்து மாதிரி நின்றால் பூச்சு கனம் என்று அர்த்தம். இரண்டு பிள்ளைகளுக்கு மொத்தமாக எடுக்கிறவர்கள் முதலில் ஒரு சின்னத் துண்டு கேட்டு வாங்கி, நாலு தடவை துவைத்துப் பார்த்துவிட்டு எடுக்கலாம். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

– ஒரு வாசகி, வெள்ளிமலை.